வாசலடியில் ஒரு சொக்லேட் பெட்டி

புவாண்ட்-கிளேரில் வீடு பார்க்க வருகிற எங்கட ஆட்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். தலைக்கு மேலால் விமானம் போகும். விமான நிலையம் பக்கத்து ஊரான டோர்வாலில். 2004 இல் அதற்கு ட்ரூடோவின் பெயரை வைத்தார்கள், ஆனால் எங்கட அப்பா அம்மாவுக்கு அது இன்னும் 'டோர்வால் எயார்போர்ட்' தான். காற்று ஒரு பக்கம் அடித்தால் இறங்குகிற விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் வரும்; மற்றப் பக்கம் அடித்தால் ஏறுகிற விமானங்கள். சென்-லூயி ஏரிக்கரையில் 1710 அளவில் கட்டிய காற்றாலை நிற்கிற அமைதியான ஊர்தான். பக்கத்து ஊர் டொலார்-டே-ஓர்மோவில் முருகன் கோயிலும் இருக்கிறது. சத்தம் பழகிவிடும்.

அந்தச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு வசதி உண்டு. நெடுஞ்சாலை 20 அடைபடாத காலையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விமான நிலையத்தில் நிற்கலாம். என்னைப்போல மாதத்தில் சில தடவை ரொறன்ரோ அலுவலகத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். விமானத்திலேயே வேலை செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அப்படி ஒருவர். வீடு இங்கே, பணித்தளம் ரொறன்ரோ. வேலை நாளில் இங்கிருந்து வேறொரு விமானத்தில், மிஞ்சியிருக்கிற இருக்கையில் உட்கார்ந்து அங்கே போவார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடைய வேலையே தொடங்கும். வட அமெரிக்காவில் விமான ஊழியர் பலர் இப்படித்தான் ஓர் ஊரில் குடியிருந்து இன்னோர் ஊரில் வேலை செய்கிறார்கள்.

அவருடைய பையில் எப்போதும் ஒரு சொக்லேட் பெட்டி இருக்கும். தன்னை ஏற்றிக்கொண்டு போகிற குழுவுக்கு. இது அவர்களுக்குள் இருக்கிற வழக்கம். அடிக்கடி பறக்கிற பயணிகள் சிலரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். உலக விமானப் போக்குவரத்துக்கு விதி எழுதுகிற ஐ.நா. அமைப்பின் தலைமையகம் இதே மொன்றியலில்தான் இருக்கிறது. இதற்கு மட்டும் யாரும் விதி எழுதவில்லை. நான் அறிந்ததெல்லாம் வேலிக்கு மேலால் அவர் சொல்லித் தந்ததுதான்.

முதல் விதியிலேயே எங்கள் வீட்டில் பிரச்சினை. கடையில் வாங்கின, முத்திரை உடைக்காத, உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சடித்த பெட்டியாக இருக்க வேண்டும். அம்மா விடவில்லை. "கை படாத சாமானில என்ன மரியாதை இருக்கு தம்பி? நான் பயித்தம்பணியாரம் சுட்டுத் தாறன், கொண்டுபோய்க் குடு" என்றார். அவர் நன்றி சொல்லும் முறையே அதுதான். குடும்ப டொக்டருக்கு, கோடை விடுமுறைக்கு முன் எங்கள் ஆசிரியைக்கு, கீழ்வீட்டு இத்தாலியக் கிழவிக்கு என்று எல்லாருக்கும் பலகாரப் பெட்டி போகும். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. ஒருமுறை தக்காளி வந்தது.

ஆனால் அந்தக் கிழவிக்கு அம்மாவைத் தெரியும். விமானத்தின் வாசலில் நிற்கிறவருக்கு என்னைத் தெரியாது. பல விமான நிறுவனங்களில் இரண்டு விமானிகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. ஒருவருக்கு வயிறு குழம்பினாலும் மற்றவர் ஓட்ட வேண்டும் என்பதற்காக. அவ்வளவு கவனமாக இருக்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுப் பணியாரத்தை நீட்டினால், அவர்கள் சிரித்தபடி வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அவர்களை அந்தச் சங்கடத்தில் விடாமல் இருப்பதும் மரியாதைதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அர்த்தமில்லை.

கடைப் பெட்டியிலும் பார்க்க வேண்டியது உண்டு. கச்சான் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. தமிழ்க் கடையின் எள்ளுருண்டை பக்கெற் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கனடாவில் எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. மேப்பிள் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கட்டிச் சர்க்கரையாக வாங்குங்கள். கியூபெக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கிற சிரப் தகரம் 540 மில்லிலீற்றர். பாதுகாப்புச் சோதனையில் 100 க்கு மேல் போக விடமாட்டார்கள். அமெரிக்கா போகிறவர்கள் அந்நாட்டுச் சுங்கத்தை டோர்வாலிலேயே கடக்கிறோம், அங்கே சாப்பாட்டுச் சாமான் இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை பேருக்கு? கனடாவில் 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் பறக்கலாம். 78 இருக்கை உள்ள விமானமென்றால் இரண்டு பேர், விமானிகள் இரண்டு பேர். நான்கு பேர் பகிர ஒரு சின்னப் பெட்டி போதும். ஏறும்போது வாசலடியில் நிற்கிறவரிடம் "உங்கள் எல்லாருக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது. காசு நீட்டவே கூடாது.

அந்த வாசலடி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஓகஸ்ட் 16 அன்று எயார் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 19 ஆம் திகதி முடிந்தது. அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, விமானம் தரையில் நிற்கும்போது பார்க்கிற வேலைக்கும் சம்பளம். நாங்கள் பெட்டியைத் தூக்கி மேலே வைக்கப் படாதபாடு படுகிற அந்த அரைமணி நேரத்துக்கான சம்பளம். சங்கத்துடன் எட்டிய உடன்பாட்டில் அதற்கும் இடம் கிடைத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு என் சொக்லேட் பெட்டி எனக்கே கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. அது சம்பளத்துக்கு ஈடல்ல. அதற்காகக் கொடுக்காமல் விடவும் இல்லை. ஆனால் "பாவம் இவர்கள்" என்ற முகத்தோடு கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எட்டு வயது மகளுக்கு வேறு சந்தேகம். "அப்பா, இதைக் குடுத்தால் நல்ல சீற் தருவினமா?" பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள், பெரியவர்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டே போவார்கள். இருக்கை மாற்றிக் கேட்பதாக இருந்தால் அன்றைக்குப் பெட்டி கொடுப்பதில்லை என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அது வியாபாரம். அவர்களாக ஒரு ஜூஸ் கூடத் தந்தால் நன்றி சொல்லி வாங்கலாம். தராவிட்டால் அதையும் கவனிக்கக்கூடாது. இது அவளுக்கு முழுதாக விளங்கவில்லை. அட்டையில் 'மெர்சி' எழுதி ஒரு விமானம் கீறுவது அவளுடைய வேலை, அதைச் சந்தோஷமாகச் செய்கிறாள். விமானத்துக்கு மூன்று இறக்கை.

அம்மா பணியாரத்தை விடவில்லை. போன மாதம் ஒரு டப்பா நிறையச் சுட்டு, எனக்குத் தராமல் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தார். அவர் பாதியை வீட்டில் வைத்துவிட்டு மீதியைத் தன்னுடைய குழுவுக்கு ரொறன்ரோ கொண்டுபோயிருக்கிறார். அவர் கையால் கொடுத்தபடியால் யாரும் யோசிக்காமல் சாப்பிட்டார்களாம். டப்பா திரும்பி வரும்போது உள்ளே ஒரு சொக்லேட் பெட்டி இருந்தது, முத்திரை உடைக்காதது.