நெடுநகரின் அம்பெறி வீரன்

எடின்பரோ மாநகரின் வேவர்லி நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிப் புகையிரதம் ஏறும் பிரயாணிகள், சிறிது நேரத்துக்குள் போர்த் கழிமுகத்தின் மீது அமைந்த பெரும் இரும்புப் பாலத்தை அடைகின்றனர். 1890ஆம் ஆண்டிலே திறந்து வைக்கப்பட்ட இப்பாலம், 2015ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. நாமும் அவ்வழியே சென்றோம். பாலத்தைக் கடந்ததும் பைஃப் என்னும் மாவட்டம் தொடங்குகிறது. அதன் பின் வலப்புறம் எங்கும் கடல். அக்கரையோரமாகவே வண்டி நெளிந்து சென்று, கேர்க்கோடி என்னும் ஊரிலே நம்மை இறக்கிவிட்டது. ஆங்கிலத்தில் இப்பெயரை எழுதும்போது நடுவிலே 'எல்' என்ற எழுத்து ஒன்று வரும். அதை ஒலித்தால் அவ்வூரார் சிரிப்பர்.

எடின்பரோவுக்கு வரும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் கோட்டையையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு, மலைநாட்டு ஏரிகளை நோக்கிச் செல்வார்கள். கேர்க்கோடியில் இறங்குவோர் மிகச் சிலரே. நாம் இறங்கியதற்குக் காரணம் ஒரு மனிதர். அவரைப் பற்றிக் கூறுமுன் அவர் பிறந்த ஊரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

கடலை ஒட்டி ஒரே தெருவாக நீண்டு வளர்ந்தமையால், இவ்வூருக்கு 'நெடுநகர்' எனப் பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று அந்நாட்டு வழக்கிலே உண்டு. இதன் கைத்தொழில் லினோலியம். நம் நாட்டிலும் பழைய வீடுகளிலும் கந்தோர்களிலும் தரையில் விரித்திருந்த அப்பளபளப்பான விரிப்பைப் பலர் நினைவு கூர்வர். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் பிசினையும் கலந்து, சணற்றுணியின் மேல் பரப்பி அதனைச் செய்வர். 1847ஆம் ஆண்டில் மைக்கல் நேர்ண் என்பவர் தரைத்துணி செய்யும் தொழிற்சாலை ஒன்றை இங்கே கட்டியபோது, ஊரார் அதனை 'நேர்ணின் மடமை' என்று ஏளனம் செய்தனராம். அம்மடமையோ ஊருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோறு போட்டது. ஒரு காலத்தில் புகையிரதம் நிலையத்தை நெருங்கும் போதே ஆளிவிதை எண்ணெயின் மணம் மூக்கைத் துளைத்ததென்பர். இன்றும் ஒரு தொழிற்சாலையில் லினோலியம் செய்யப்படுகிறதாயினும், அந்தப் பழைய மணத்தை நாம் உணரவில்லை.

இவ்வூரின் மற்றொரு பெருமை, பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் அடம் சிமித் 1723ஆம் ஆண்டில் இங்கே பிறந்தமையாகும். 1776ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் பெருநூலின் பெரும்பகுதியை, ஹைஸ்ட்ரீட் என்னும் அந்நெடுந்தெருவிலிருந்த தாயாரின் வீட்டில் இருந்தே அவர் எழுதினார். அவ்வீடு இன்று இல்லை. இருந்த இடத்தை ஒரு பெயர்ப்பலகை காட்டுகிறது. நம் மாணவர்கள் பாடத்திலே படிக்கும் பெயரை, கடைத்தெருவொன்றின் சுவரிலே கண்டபோது உள்ளம் சற்றே சிலிர்க்கத்தான் செய்தது.

ஆயினும் நாம் தேடி வந்தவர் அவரல்லர். நாம் தேடி வந்தவர், எழுதாமலும் போதிக்காமலும், கையிலே மூன்று சிற்றம்புகளை ஏந்தி உலகப் புகழ் பெற்ற ஜொக்கி வில்சன்.

1950ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆந் திகதி கேர்க்கோடியிலே பிறந்தவர் ஜொக்கி. பெற்றோர் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டமையால், இளமையின் பெரும்பகுதியை அநாதை இல்லத்திலே கழித்தார். பின்னர் இராணுவத்திலே சில காலம்; அதன் பின் வீடு வீடாக நிலக்கரி கொண்டு செல்லும் வேலை; மீன் பதனிடும் வேலை; இறுதியில் சீபீல்ட் என்னும் நிலக்கரிச் சுரங்கத்திலே வேலை. உழைப்புக்குக் குறைவில்லை, நிலைபெற்ற வாழ்வுதான் கிட்டவில்லை.

சீபீல்ட் சுரங்கம் இருந்த இடத்துக்கு நாம் கரையோரமாக நடந்தே சென்றோம். கடலின் அடியிலே நெடுந்தூரம் குடைந்து சென்று கரி வெட்டிய சுரங்கம் அது. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் கூரை இடிந்து ஐந்து தொழிலாளர் அங்கே உயிரிழந்தனர். 1988இல் சுரங்கம் மூடப்பட்டது. மறு ஆண்டில் அதன் இரட்டைக் கோபுரங்களும் தகர்க்கப்பட்டன. இன்று அவ்விடத்திலே வரிசை வரிசையாக வீடுகள். ஒரு முற்றத்திலே குழந்தையொன்று மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் காலடியின் கீழே எத்தனை மனிதரின் வியர்வை உறங்குகிறதென எண்ணியவாறு திரும்பினோம்.

சுரங்கத் தொழிலாளர்க்கு மாலையிலே ஒரே களிப்பிடம் மதுச்சாலை. அங்கே சுவரிலே தொங்குவது வட்டப் பலகை. டார்ட்ஸ் எனப்படும் சிற்றம்பெறிதல் அந்நாட்டு உழைப்பாளரின் விளையாட்டு. நாமும் ஒரு மாலை அவ்வூர் மதுச்சாலையொன்றில் தேநீர் அருந்தியபடி அதனை வேடிக்கை பார்த்தோம். பலகையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்திலே இருக்க வேண்டும். எறிவோன் நிற்கும் கோடு, பலகையிலிருந்து 7 அடி 9¼ அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். பலகை 20 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, 1 முதல் 20 வரை எண்கள் இடப்பட்டிருக்கும். அவ்வெண்கள் வரிசையாக அமையா. பேரெண்ணின் இருமருங்கும் சிற்றெண்களை வைத்திருக்கிறார்கள். 20இன் ஒருபுறம் 1, மறுபுறம் 5. பேராசையோடு இருபதைக் குறிவைப்பவன் மயிரிழை தவறினால் ஒன்றோடு நிற்கவேண்டியதுதான். வாழ்க்கையை அறிந்த எவரோ இப்பலகையை அமைத்தார் போலும்.

ஒவ்வொரு கூற்றிலும் இரண்டு ஒடுங்கிய வளையங்கள் உண்டு. வெளிவளையம் எண்ணை இரட்டிக்கும், உள்வளையம் மும்மடங்காக்கும். ஆகவே ஒரே முறையில் மூன்று அம்புகளால் பெறக்கூடிய உச்சம் 180. ஆட்டம் 501இலே தொடங்கும். பெற்ற எண்களைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ செலுத்திச் சரியாகப் பூச்சியத்தை அடைதல் வேண்டும். எனவே கைக்குறியோடு மனக்கணக்கும் வேண்டும். பள்ளிக்கூடத்திலே கணக்கில் தேறாத சுரங்கத் தொழிலாளி, 121 மிஞ்சியிருந்தால் எந்த மூன்று அம்பால் முடிக்கலாமென்று கண்ணிமைக்குமுன் கூறிவிடுவார். நாமும் ஆசையினால் மூன்று அம்புகளை வாங்கி எறிந்து பார்த்தோம். முதலாவது பலகைக்கு வெளியே, இரண்டாவது ஒன்றிலே, மூன்றாவது நிலத்திலே விழுந்தது. அங்கிருந்தோர் நம்மைக் கேலி செய்யாது கைதட்டியமை அவர்தம் பெருந்தன்மை.

இந்த விளையாட்டைத்தான் ஜொக்கி தொழிலாக மாற்றினார். 1979ஆம் ஆண்டில் வேலையற்றிருந்த அவர், ஏயர் என்னும் கடற்கரை ஊரின் விடுமுறை முகாமொன்றிலே நடந்த போட்டியில் பங்குபற்றி வென்றார். பரிசு 500 பவுண். வேலையற்றிருந்த 29 வயது இளைஞனுக்கு அது சிறு தொகையன்று. அன்றோடு வேலை தேடுவதை நிறுத்தி, அம்பெறிதலையே பிழைப்பாகக் கொண்டார்.

அவர் தெரிந்தெடுத்த காலமும் நல்ல காலமாக இருந்தது. உலகக் கிண்ணப் போட்டி 1978ஆம் ஆண்டிலேதான் ஆரம்பமாகியிருந்தது. தொலைக்காட்சி அதனை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. குள்ளமும் பருமனுமான உடல்; இனிப்புத் தின்று தின்று இளம் வயதிலேயே பற்களை இழந்த வாய்; அம்பை எறியும் போது உடல் முழுதும் முன்னே பாயும் ஒரு குலுக்கம். அழகிய முறை என்று எவரும் சொல்லார். ஆயினும் அம்பு சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது. 1982ஆம் ஆண்டு ஸ்ரோக் நகரிலே நடந்த இறுதியாட்டத்தில் ஜோன் லோவை 5க்கு 3 என்ற கணக்கில் வென்று, உலக வீரரான முதலாவது ஸ்கொத்லாந்துக்காரர் என்ற பெருமையைப் பெற்றார்.

அவ்வாண்டிலே நிகழ்ந்த வேடிக்கையொன்றை இன்றும் அந்நாட்டார் சொல்லிச் சிரிப்பர். ஜாக்கி வில்சன் என்பவர் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர். அவர் பெயர் வரும் பாடலொன்றை ஓர் இசைக்குழு தொலைக்காட்சியிலே பாடியது. பாடுவோரின் பின்னே பெரிதாகத் தோன்றிய படமோ பல்லிழந்து சிரிக்கும் நம் ஜொக்கியுடையது!

ஏழு ஆண்டுகளின் பின், 1989இல், பிரிம்லி கிறீன் என்னும் ஊரிலே மற்றொரு இறுதியாட்டம். எதிரி, ஐந்து முறை உலக வீரரான எரிக் பிறிஸ்ரோ. முதல் ஐந்து தொகுதிகளையும் ஜொக்கியே வென்றார். இன்னும் ஒன்று போதும். அப்போது பிறிஸ்ரோ விழித்தெழுந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனத் தொடர்ந்து வென்றார். 5க்கு 4. ஒரு மனிதனின் நெஞ்சுரத்தைச் சோதிக்க இதனினும் கொடிய வேளை உண்டோ? ஜொக்கி நடுங்கவில்லை. அடுத்த தொகுதியை வென்று 6க்கு 4 என முடித்தார். சீபீல்ட் சுரங்கத்தின் கோபுரங்கள் வீழ்ந்ததும் அதே 1989ஆம் ஆண்டிலேதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இவ்வூருக்கு வந்திருக்கமாட்டோம்.

ஜொக்கியின் தொழிற்கூடம் மதுச்சாலை. எறிவதற்குமுன் நடுக்கம் தீரக் குடித்தல் அக்காலத்து வீரர் பலரின் வழக்கம். புகைத்தலும் அவ்வாறே. இவற்றிலே ஜொக்கி மற்றெவர்க்கும் பின்வாங்கவில்லை. அவர் வென்ற உலகக் கிண்ணம் தாங்கி நின்ற பெயரே ஒரு சிகரட்டின் பெயர்தான். 1980களின் இறுதியிலே தொலைக்காட்சி நிலையங்கள் இவ்விளையாட்டைக் கைவிடத் தொடங்கின, போட்டிகள் குறைந்தன, வருவாயும் குறைந்தது. 1993ஆம் ஆண்டில் முன்னணி வீரர் பதினாறு பேர் பழைய சங்கத்தை விட்டுப் பிரிந்து தமக்கென ஓர் அமைப்பை உண்டாக்கினர். அவர்களுள் ஜொக்கியும் ஒருவர். அவ்வமைப்பு பின்னாளிலே பெரும் செல்வம் ஈட்டியது. நட்டவர்களுள் ஒருவராயிருந்தும் கனியை அவர் உண்ணவில்லை.

நீரிழிவு அவரைப் பற்றியிருந்தது. 1995ஆம் ஆண்டின் இறுதியில், 45ஆம் வயதிலே, விடைபெறும் விழாவொன்றுமின்றி ஆட்டத்தை விட்டு விலகிக் கேர்க்கோடிக்குத் திரும்பினார். 1998இல் கடன் தீர்க்க வகையற்றவராக அறிவிக்கப்பட்டார். தாம் வளர்ந்த பகுதியிலேயே ஒற்றைப் படுக்கையறை வீடொன்றில், அரசாங்கத்தின் உதவிப் பணத்தைக் கொண்டு வாழ்ந்தார். பழைய நண்பர்களையும் பத்திரிகையாளரையும் சந்திக்க விரும்பாது கதவை அடைத்துக்கொண்டார். 2009ஆம் ஆண்டில் நுரையீரல் நோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் கூறினர். அதே ஆண்டின் முடிவில், ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான போட்டி ஒன்று அவர் பெயரால் தொடங்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, 62ஆம் பிறந்தநாள் கழிந்து இரண்டு நாட்களின் பின், சொந்த ஊரிலேயே கண்மூடினார்.

மாலையிலே கடற்கரை வீதியின் நீண்ட மதிலருகே நாம் அமர்ந்திருந்தோம். சித்திரை மாதத்திலே இவ்வீதி நெடுகிலும் பெருஞ்சந்தை கூடுமாம். இராட்டினங்களும் விளக்குகளும் நிறையுமாம். நாம் சென்ற நாளில் காற்றும் கடற்பறவைகளும் மட்டுமே இருந்தன. அடம் சிமித்தின் நூலிலே ஓரிடம் நினைவுக்கு வந்தது. பலர் தோற்று ஒருவர் வெல்லும் தொழில்களிலே, வெல்லும் ஒருவரின் பேற்றைக் கண்டு இளைஞர் மயங்குவரென்றும், ஒவ்வொருவரும் தம் அதிர்ஷ்டத்தை அளவுக்கு மீறி நம்புவரென்றும் அவர் விளக்குகிறார். அதை எழுதியவரும், அதற்கு உதாரணமாகத் திகழ்ந்தவரும் ஒரே தெருவழியே நடந்தவர்கள் என்பது எத்துணை விந்தை!

ஆயினும் ஜொக்கியின் வாழ்வைத் தோல்வியென்று கூற நமக்கு மனம் வரவில்லை. அநாதை இல்லத்திலே வளர்ந்த பிள்ளை, எவரும் கற்றுக்கொடுக்காத ஒரு வித்தையால் இருமுறை உலகத்தின் முதல்வனாக நின்றது சிறு காரியமா? கடைசி அம்பை எங்கே செலுத்துவதென்பதை அவர் நன்கறிந்திருந்தார். அதன் பிறகு வரும் நாட்களை எவ்வாறு எண்ணுவதென்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கைதட்டிய ஆயிரம் பேருள், சேமிப்பையும் உடல்நலத்தையும் பற்றிப் பேச ஒருவர் அருகிலிருந்திருந்தால் முடிவு வேறாயிருக்கலாம்.

நம் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் பந்தடியிலும் பாட்டிலும் ஓட்டத்திலும் வல்லவராயிருக்கின்றனர். அவர்தம் திறமையைக் கண்டு மகிழும் பெற்றோர், கைதட்டல் ஓய்ந்த பின் அவர் வாழவேண்டிய நாட்களையும் சேர்த்தே எண்ணுதல் நன்று. திறமையைத் தடுக்கவேண்டுமென்பதன்று நம் கருத்து; அதற்கு ஒரு துணை வேண்டுமென்பதே.

இருள் சூழ்ந்தது. எடின்பரோ செல்லும் வண்டிக்கு நேரமாயிற்று. நிலையத்துக்குத் திரும்பும் வழியிலே, மாலையிற் கண்ட மதுச்சாலையின் சன்னல் வழியாக உள்ளே பார்த்தோம். பலகையின் முன்னே ஓர் இளைஞன் கோட்டிலே கால் வைத்து நின்றான். அவனுடைய முதல் அம்பு இருபதிலே தைத்தது. அடுத்த இரண்டையும் பார்க்க நமக்கு நேரமிருக்கவில்லை.