காரணம் எழுதும் கட்டம்

1986 தை ஐந்தாம் தேதி, மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் தீர்த்தவாரிக்குத் தென்பெண்ணைக்கு வந்திருந்தார். கூட்டத்தை விட்டு விலகி மணலில் உட்கார்ந்து நானும் ஒரு சிநேகிதனும் சிலும்பி பிடித்தோம். அவனுக்குச் சிரிப்பு வந்தது, பசி வந்தது, கரும்பு வாங்கித் தின்றான். மறுநாள் வேலைக்குப் போய்விட்டான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே இருந்த கை என்னுடையதாக இல்லை. சொன்னால் படிமம் மாதிரி இருக்கிறது, படிமம் இல்லை. பேனா பிடித்த கையை எவனுடையதோ போல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதம்.

நம் வட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு அந்தஸ்து உண்டு. சித்தர்கள், பிரக்ஞையின் விரிவு, இத்யாதி. அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு தபால்கார்டுகூட எழுதவில்லை.

அம்மா செய்வினை என்றாள். சிநேகிதன், பொட்டலத்தில் ஊமத்தை விதை கலந்திருப்பான் என்றான். கலப்பது உண்டுதான், ஆனால் ஊமத்தையின் மயக்கம் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஒரு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் இழுத்தவன் நான், அன்றோடு நிறுத்திவிட்டேன். நிறுத்தியவனுக்குத் தூக்கம் கெடும், பசி போகும், எரிச்சலும் துர்க்கனவும் வரும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் தணியும். கஞ்சாவின் சத்து கொழுப்பில் தங்கி மெல்லத்தான் வெளியேறுகிறது. மூளையில் அதை ஏற்கும் இடங்கள் மழுங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்கிறார்கள். (அதே இடங்களில் உடம்பு தானாகவே ஊறவைக்கும் ஒரு பொருளை 1992இல் கண்டுபிடித்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற நம் சொல்லை வைத்து அதற்குப் பெயரிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.) ஆக முதல் மாதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மிச்சம் ஆறு மாதம்?

வெள்ளைக்காரன் அமைத்த கஞ்சா விசாரணைக் குழு 1894இல் அறிக்கை கொடுத்தது. 1892இல் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று பதிவாகியிருந்தது. ஒவ்வொரு கேஸாகத் தோண்டிப் பார்த்ததில் தேறியது 98. பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடக்கூடாது. ஆளைப் பிடித்துவந்த போலீஸ் கஞ்சா என்று சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். இதைப் படித்துக் கஞ்சா நிரபராதி என்று குதிப்பவர்களுக்கு: அந்த 98 பேரும் மனிதர்கள். சுவீடனில் 45,000 ராணுவ இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் புகைத்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு. வேறு காரணங்களைக் கழித்தபோது வெகுவாகக் குறைந்தது, மறையவில்லை.

என் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? அப்பா முந்தைய ஐப்பசியில் செத்துப்போயிருந்தார். நான் அழவில்லை. பயம் வந்த பிறகு அந்தப் பயம் மறுபடி வருமோ என்ற பயத்தில், நாள் முழுக்க நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உற்றுப் பார்க்கப் பார்க்க அது இன்னும் தூரம் போயிற்று. ஆடி அறுவடையில் ஆள் குறைந்து, என்னை வயலில் இறக்கிவிட்டார்கள். கையைப் பார்க்க நேரமில்லை. எப்போது திரும்பி வந்ததென்று தெரியவில்லை.

பிறகு சித்தப்பா. பின்கட்டு அறையில் இருபது வருஷம் இருந்தவர். புகையிலைகூடத் தொட்டதில்லை. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே கிடையாது.

போன மாதம் தம்பி மகன் வந்தான். பத்தொன்பது வயது. ராத்திரி நெஞ்சு அடித்து எழுந்து உட்காருகிறானாம். சுவர் நிஜமாகத் தெரியவில்லையாம். “கஞ்சாதானே பெரியப்பா? விட்டாச்சு. சரியாயிடும்தானே?” தம்பிக்கும் அந்தப் பதிலே வேண்டியிருந்தது. சரியாகிவிடலாம், எனக்கு ஆயிற்று என்றேன். அதோடு நிறுத்தாமல், பின்கட்டில் இருந்த சின்னத் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். டாக்டரிடம் இரண்டையும் சொல், இனி ஒரு இழுப்புகூடக் கூடாது என்றேன்.

பையன் கள்ளக்குறிச்சியில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம். தம்பி என்னோடு பேசுவதில்லை.