தெலுங்குக்காரர் கேட்ட கேள்வி

1980களின் நடுவில் ஒரு ஜூன் மாதம். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தர். கல்லூரிச் சேர்க்கைக் காலம், நேட்டிவிட்டி சர்டிபிகேட் மனுக்கள் குவிந்து கிடந்தன. ஒரு பெண்ணின் மனுவில் தாய்மொழி தெலுங்கு என்றிருந்தது. ‘வெளிமாநிலத்தவர் எனத் தெரிகிறது, விசாரிக்கலாம்’ என்று குறிப்பெழுதி ஒதுக்கி வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். தளி பக்கத்து விவசாயி. சத்தம் போடவில்லை.

“சார், நீங்க பாண்டிச்சேரியில பிரெஞ்சுல படிச்சவருன்னு பியூன் சொன்னாரு. அப்போ நீங்க பிரான்சுக்காரரா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வருஷம் தத்துவப் பாடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் அன்றிரவு அவர் கேள்வியைப் பிரித்துப் பார்த்தேன். கறாராகச் சொன்னால் குறி கொஞ்சம் தவறிய அடிதான். பிரெஞ்சு நான் படித்த மொழி, தாய்மொழி அல்லவே! ஆனாலும் தட்டிய இடம் சரி. வீட்டில் தெலுங்கு பேசுவதை அவர் மறுக்கவில்லை. நான் எழுதாமல் மனசுக்குள் வைத்திருந்த பொதுவிதியைத்தான் தொட்டார்: ‘மொழி வேறென்றால் ஊரும் வேறு.’ அதை உடைக்க ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும். அந்த உதாரணமாக அவரே என் முன்னால் நின்றிருந்தார்.

நம் நியாய சாஸ்திரக்காரர்கள் இதையே செய்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. நெருப்பு இருந்தால் புகையும் உண்டு என்று திருப்பினால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டுவார்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை.

‘விதிவிலக்கே விதியை உறுதி செய்கிறது’ என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு. பள்ளியில் ஒப்பித்தது. அன்று அதைப் பிடித்துத் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் ஓசூர் சந்தையில் ஒரு சுற்று சுற்றினால் தெலுங்கும் கன்னடமும் காதில் விழாமல் இராது. இத்தனை பேரையும் விதிவிலக்கு என்றால் விதி எங்கே மிச்சம்?

மாநில எல்லைகளை வகுக்கும்போதும் இதே கேள்விதான் வந்தது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தந்த அறிக்கையில் மொழி முக்கியம் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் ‘ஒரு மொழி, ஒரு மாநிலம்’ என்பதை ஏற்கவில்லை. இது வேறு வகை அடி. விதியைத் தூக்கி எறியாமல், அதற்குள் இருந்த ‘மட்டும்’ என்ற சொல்லை எடுத்துவிடுவது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

மறுநாள் மனுவை மீண்டும் எடுத்தேன். தாத்தா பெயரில் இருந்த பட்டா நகலை முதலிலேயே இணைத்திருந்தார். நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை. குறிப்பை மாற்றி எழுதி அனுப்பினேன். கையெழுத்தாகி அவர் கைக்குப் போனது, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முந்தின நாள் மாலை. கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டமாகப் போனார். பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.