ஒசூனாவின் முற்றத்து வீடுகள்

பவுல் அப்போஸ்தலன் போக விரும்பிய ஸ்பானியா தேசத்தின் தென்பகுதி அந்தலூசியா எனப்படும். அங்கே செவில் நகரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரத்தில், கோதுமை வயல்களுக்கும் ஒலிவத் தோப்புகளுக்கும் நடுவே ஒசூனா என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் பழைய பெருவீடுகளில் சில இப்போது தங்கும் விடுதிகளாயிருக்கின்றன.

அப்படிப்பட்ட வீட்டை வெளியிலிருந்து பார்த்து மதிப்பிடாதேயுங்கள். சுண்ணாம்பு பூசிய சுவர், கம்பியிட்ட சன்னல்கள், வேலைப்பாடுள்ள ஒரு வாசல், அவ்வளவே. கதவைக் கடந்தால் ரேழி. அதற்கப்பால் இரும்புக் கிராதி. கிராதிக்கு அப்பால் தூண்கள் சூழ்ந்த முற்றம். வீட்டின் அழகெல்லாம் உள்நோக்கியே இருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் தேசம் அது. பகலில் முற்றத்தின்மேல் துணிப்பந்தலை இழுத்து மூடி, இரவில் திறந்துவிடுவார்கள். கனத்த சுவர்கள் இராக்குளிர்ச்சியை நெடுநேரம் காத்துவைக்கும். முற்காலத்தில் குடும்பத்தார் கோடையில் கீழ்த்தளத்திலும் குளிர்காலத்தில் மேல்தளத்திலும் குடியிருந்தார்கள். ஆகையால், மேல் அறைதான் வேண்டுமென்று கேட்குமுன் மாதத்தை யோசித்துக்கொள்ளுங்கள்! இராப்போஜனமும் ஒன்பது மணிக்குமுன் கிடைப்பது அரிது. பிள்ளைகளோடு செல்வோர் ரொட்டியும் பழமும் வாங்கி வைப்பது நலம்.

வீட்டின் குளிர்ச்சியை அனுபவித்தபின் சான் பெத்ரோ வீதிக்கு நடந்துபோங்கள். பிரபுக்களின் மாளிகைகளுக்கு நடுவே, 1773-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு களஞ்சியம் நிற்கிறது. தசமபாகத் தானியத்தைச் சேர்த்துவைத்த கட்டிடம் அது; ஆனால் அதன் முகப்போ அரண்மனையின் முகப்பு. அந்தத் தானியத்தை அறுத்தவர்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. பெருநிலங்கள் சிலர் கையில் இருந்தபடியால், அநேகர் நாட்கூலிகளாய் விடியற்காலத்தில் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நின்று, அழைப்பாருக்காகக் காத்திருந்தார்கள். திராட்சத்தோட்டத்து உவமையில் நாம் வாசிக்கிற காட்சி, அந்தலூசியாவில் இருபதாம் நூற்றாண்டிலும் கண்கூடாக இருந்தது. எனக்கு முற்றத்தைவிடச் சதுக்கமே அதிகம் பேசுகிறது.

பிரபுக்களும் நிலைக்கவில்லை. ஒசூனாவின் பன்னிரண்டாம் டியூக் ஆடம்பரத்தில் ஆஸ்தியைக் கரைத்து, பெருங்கடனோடு 1882-இல் மரித்தார். கூலியாட்களோ 1950-களிலிருந்து புறப்படத் தொடங்கினார்கள். 1960-இல் ஸ்பெயின் ஜெர்மனியோடு தொழிலாளர் உடன்படிக்கை செய்தபின் அநேகர் அங்கே சென்றார்கள். அதிலும் அதிகமானோர் பார்சலோனா, மத்ரித் நகரங்களின் புறச்சேரிகளில் குடியேறினார்கள். சுமார் 25 ஆண்டுகளில் அந்தலூசியாவை விட்டுப்போனவர்கள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத்தில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆகஸ்டு மாதத்தில் செல்ல நினைத்தால் முன்னதாகவே அறைக்கு எழுதிவிடுங்கள். அந்த மாதத்தில்தான், போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தலூசியாவின் சிற்றூர்களுக்குத் திரும்பி வருகிறார்கள். தாத்தாவின் வீடு விற்றுப்போயிருந்தால் அவர்களும் விடுதியில்தான் தங்கவேண்டும்.