பேய்க்குச் சமைத்த கோழி

சமையற்குறிப்பு எழுதும் தகுதி எனக்கு இல்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணமும் சிற்றிலக்கியமும் நடத்திவருகிறவள் நான்; என் கைப்பக்குவத்தைப் பற்றி வீட்டில் எவருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆயினும் நியூ ஜெர்சியில் என் தங்கை வீட்டில், ஹாலோவீன் விருந்துக்காகக் கோழியைப் பேயாக்கிய கதையை எழுதிவைக்க வேண்டும் என்று சில நாட்களாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. அவ்வாண்டு வைகாசியில் அப்பா காலமாகியிருந்தார். ஆகவே எங்களுக்குத் தீபாவளி இல்லை. தங்கையால் அடக்கத்திற்கு வந்துசேர இயலவில்லை. கைப்பேசித் திரையில்தான் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தாள். அவள் மடியில் அமர்ந்து எட்டு வயது மகனும் பார்த்திருக்கிறான். அன்று முதல் அவன் தனியே உறங்குவதில்லை. குளியலறைக்குப் போனாலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "அம்மா, இருக்கியா?" என்று நிமிடத்திற்கொரு முறை குரல் கொடுப்பான். இதையெல்லாம் கேட்டுத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன்.

அவனுடைய நண்பர்கள் நால்வரின் வீடுகளில் ஆண்டுக்கொருவர் வீடாக ஹாலோவீன் விருந்து நடக்கும். அவ்வாண்டு இவன் முறை. இருட்டுக்கே அஞ்சுகிறவன், விருந்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டான். தங்கைக்கு உடன்பாடில்லை.

"வருஷம் முடியலை அக்கா. தீபாவளிக்கே விளக்கு ஏத்தாத வீட்டு வாசல்ல எலும்புக்கூட்டைத் தொங்கவிடணுமா?"

தீபாவளிக்குத்தானே விலக்கு, ஹாலோவீனுக்கு எந்தச் சாத்திரமும் விலக்குச் சொல்லவில்லையே என்றேன். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியதையும், அவர்கள் அமெரிக்கா வந்தபின் அது பூசணியானதையும், இறந்தவர்கள் திரும்பிவரும் இரவு என்று பழங்காலக் கெல்டிய மக்கள் நம்பியதையும் எடுத்துரைத்தேன். "உனக்கு எல்லாமே பாடம்தான்" என்றாள். அந்தச் சொல் தைத்தது. ஆனால் மறுநாள் கடையிலிருந்து இரண்டு பெட்டி கோழிச் சிறகும், எலும்பில்லாத நெஞ்சுக்கறியும், கொத்துக்கறியும் வாங்கிவந்து குளிர்ப்பெட்டியில் வைத்தவளும் அவள்தான்.

மூன்று பண்டங்கள் செய்வதாக ஏற்பாடு. முதலாவது வௌவால் சிறகு. கோழிச் சிறகின் நுனியை நறுக்காமல் முழுதாகவே விட்டுவிட வேண்டும். அந்த மூன்றாம் கணுதான் வௌவாலின் சாயலைத் தருவது. சோயா சாஸ், புளிக்கரைசல், வெல்லம், இடித்த மிளகு, சில துளி கறுப்பு நிறமி ஆகியவற்றில் ஓரிரவு ஊறவைத்து, மூட்டுகளை விரித்து ஓவனில் சுட்டோம். பளபளவென்று கரியநிறத்தில் வெளிவந்தபோது எனக்கே சற்று அருவருப்பாக இருந்தது. கறியில் குத்திப் பார்த்து, கசியும் நீர் தெளிந்திருந்தால் வெந்துவிட்டது என்பது என் கணக்கு. தங்கையோ வெப்பமானியைச் செருகி, 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் காட்டினால்தான் வெளியே எடுப்பாள்.

இரண்டாவது சூனியக்காரியின் விரல். கொத்துக்கறியோடு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், முட்டை, ரொட்டித்தூள் சேர்த்துப் பிசைந்து விரல் கனத்திற்கு உருட்டி, கத்தியின் முதுகால் கணுக்கோடுகள் இட வேண்டும். நகத்திற்குப் பாதாம் பருப்பு வைப்பதுதான் அங்கே வழக்கம். வரவிருந்த பிள்ளைகளில் ஒருத்திக்குப் பருப்பு வகைகள் ஒவ்வாது என்று அவள் தாய் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், வெங்காய இதழை நகவடிவில் நறுக்கிப் பதித்தோம். ஓவனில் அதன் ஓரம் கருகி, பாதாமைவிட மெய்யான அழுக்கு நகமாகவே ஆகிவிட்டது. குருதிக்குத் தக்காளி சாஸ் என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பீட்ரூட்டை அரைத்துத் துவையல் செய்தேன்.

விரல்களை உருட்டிக்கொண்டிருந்தபோது கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வராமல் இருக்குமா? வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம், பேய்கள் கூழ் அடும் பகுதிக்கு வந்ததும் மாணவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சமைப்பதற்கு முன் பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்கி, யானையின் விலாவெலும்பால் நாக்கு வழித்துக்கொள்கின்றன. பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என்று ஒவ்வொன்றுக்கும் முகமறிந்து பரிமாறப்படுகிறது. அத்தனையும் பிணங்களிடையே நடக்கும் சமையல். செயங்கொண்டார் நம்மைச் சிரிக்கவைத்தபடியே அந்தக் களத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கவைத்துவிடுகிறார். இதைத் தங்கையிடம் சொல்ல வாயெடுத்தேன். முன்தினம் வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவுக்கு வர, விரல்களை உருட்டுவதோடு நின்றுகொண்டேன்.

மூன்றாவது பண்டம்தான் பையனுடையது. எகிப்தியப் பிணத்தைப் போலத் துணி சுற்றிய கோழி. நம்மூர் பேக்கரியில் பப்ஸ் செய்கிற அதே அடுக்குமாவுதான், தாளாக விற்கிறார்கள். அதை விரற்கடைக்கும் குறைந்த அகலத்தில் நாடாவாகக் கிழித்துக் கறித்துண்டின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முகத்திற்கு இடைவெளி விட்டு, அதில் இரண்டு மிளகைக் கண்ணாகப் பதிக்க வேண்டும். முதல் தட்டு வீணாயிற்று. பச்சைக்கறியையே சுற்றிவிட்டோம், அது நீர்விட்டு அடிமாவு களியாகிவிட்டது. பிறகு மசாலா தடவிய துண்டுகளை வாணலியில் ஈரம் வற்றப் பிரட்டி, ஆறவைத்துச் சுற்றினோம். பையனின் கைச்சூட்டில் மாவிலிருந்த வெண்ணெய் இளகி நாடா குழைந்துபோகவே, தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தோம். அப்போதுதான் கேட்டான்.

"பெரியம்மா, தாத்தாவுக்கும் ஏன் தலையைச் சுத்தித் துணி கட்டியிருந்தாங்க?"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தங்கை குழாயை மூடினாள். ஐந்து மாதங்களாக அவன் நெஞ்சில் கிடந்தது இதுதானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அது நாடிக்கட்டு. உயிர் பிரிந்தால் தாடை தளர்ந்து வாய் திறந்துகொள்ளும், பிறகு உடல் விறைத்துவிடும், அதற்கு முன் வாயை மூடிக் கட்டிவிடுவது வழக்கம் என்று சொன்னேன். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியதையும் சொன்னேன்.

"வலிக்குமா?"

"இல்லடா. உயிர் போனப்புறம்தான் கட்டினாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"அவர் பேசிடுவாருன்னு கட்டலையா?"

இல்லை என்றேன். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து தட்டை எடுத்துவந்து மீதியைச் சுற்றலானான். கடைசித் துண்டிற்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். பார்த்தால், மிளகுக் கண்களைச் சுற்றி, சின்ன வெங்காயத்தின் வளையங்கள் இரண்டு. அப்பாவின் மூக்குக்கண்ணாடி. தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டை ஓவனுக்குள் வைத்தது நான்தான்.

ஆறு மணிக்குள் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். வீடுவீடாகப் போய் மிட்டாய் கேட்பதற்குமுன் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். விரல்கள்தாம் முதலில் தீர்ந்தன. காரம் தாங்காமல் ஒரு பையன் மூன்று தம்ளர் பால் குடித்தான். குடித்துவிட்டு மீண்டும் எடுத்தான். நான் அஞ்சியபடியே, பாதாம் ஒவ்வாத அந்தச் சிறுமி கண்ணாடி போட்டவரை எடுத்துத் தலைப்பக்கமாகக் கடித்துவிட்டாள்.

"அது எங்க தாத்தா" என்றான் இவன், ஆங்கிலத்தில்.

அவள் வாயில் கவளத்தோடு உறைந்துபோனாள். பின்னர் மென்று விழுங்கிவிட்டு, "நன்றாக இருக்கிறார்" என்றாள். இவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. தங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள் சிறிது நேரம் வெளியே வரவில்லை.

அன்றிரவு அவன் தனியே உறங்கினான் என்று எழுத ஆசைதான். உறங்கவில்லை, எப்போதும்போலத் தாயின் பக்கத்தில்தான் படுத்தான். விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னானாம்.

நள்ளிரவில் நானும் தங்கையும் எஞ்சியிருந்த இரண்டு சிறகுகளை ரசம்சோற்றோடு தின்றுகொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் விடியலில் இட்லியும் கோழிக்குழம்பும்தான். அப்பா இருட்டோடு போய்க் கறிக்கடை வரிசையில் நின்று வாங்கிவருவார். முதல் இலை அவருடைய தகப்பனாருக்குப் படையலாகப் போகும். அந்தப் பேச்சு எழுந்தபோது ஊரில் காலை ஒன்பதரை ஆகியிருந்தது. அம்மாவை அழைத்தோம். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார்.

"கோழி" என்றாள் தங்கை.

"நேத்து தீபாவளிக்கா? இந்த வருஷம் கூடாதுன்னு சொன்னேனே."

"தீபாவளிக்கு இல்லம்மா. பேய்க்கு."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா, "காரம் தூக்கலாப் போட்டீங்களா? இல்லேன்னா அவருக்கு இறங்காதே" என்றார்.