சுட்டெலி இல்லாத திரை

நாற்பத்தாறு வயதில் எனக்குப் புதிய வேலை கிடைத்தது. புந்தோங்கில் பதினெட்டு ஆண்டுகள் நான் கணக்கு எழுதிய கச்சாங் பூத்தே கடையை முதலாளி மூடிவிட்டார். பிறகு ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர்களைக் கவனிக்கும் உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் தேறினால்தான் வேலை நிரந்தரம். மகளுக்கு இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு. வேறு வருமானம் இல்லை.

சர்வரில் சுட்டெலிக்கு வேலையில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் ஒரு வரியை மாற்றுவதற்கும் தனி மென்பொருள் வேண்டும். நானோ, வி.ஐ. என இரண்டு இருந்தன.

நானோ எளிது. சேமிப்பது, வெளியேறுவது எல்லாம் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். வி.ஐ.யில் திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது, தட்டுவதெல்லாம் கட்டளை. ‘ஐ’ விசையை அழுத்திய பிறகுதான் எழுதலாம். எஸ்கேப் அழுத்தினால் மீண்டும் கட்டளை நிலை.

“சித்தி, நானோவே போதும்” என்றான் அக்காள் மகன். வேலையிடத்துத் தம்பி வேறு சொன்னார்: “அக்கா, வாடிக்கையாளர் சர்வர்ல நானோ இல்லாம போகலாம். வி.ஐ. அநேகமா எங்கயும் இருக்கும்.” அந்தச் சொல்லே முடிவு செய்தது.

வி.ஐ.யை 1976இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜோய் எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் இருந்தன. இன்றும் அந்த நான்கு விசைகளால் திரையில் நகரலாம். நெதர்லாந்துக்காரர் பிராம் மூலினார் அதை மேம்படுத்தி 1991இல் விம் என வெளியிட்டார். அதற்கு விலை இல்லை. விரும்பினால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2023இல் அவர் காலமானார்.

விம்முடன் ‘விம்டியூட்டர்’ என்ற பாடமும் வரும். அரை மணி நேரம் போதும். இரவில் பாத்திரம் கழுவிய பிறகு தினமும் அதையே செய்தேன். முதல் வாரம் நான்கு கட்டளைகள் மட்டும்: ‘ஐ’ எழுத, ‘டி’ இருமுறை தட்டினால் வரி நீங்கும், ‘யு’ செய்ததைத் திருப்பும், முக்காற்புள்ளியோடு டபிள்யூ, கியூ தட்டி எண்டர் அழுத்தினால் சேமித்து வெளியேறும். கை பழகியபின் மற்றவை தாமாக வந்தன.

மூன்றாம் மாதம் ஒரு கடையின் இணையத்தளம் திடீரென நின்றது. அந்த சர்வரில் நானோ இல்லை. வி.ஐ.யைத் திறந்து தவறான வரியைத் திருத்தினேன், தளம் எழுந்தது. மாத இறுதியில் வேலை நிரந்தரமானது.

வீட்டுக் கணினிக்கு நானோ போதும். பிழைப்புக்குக் கற்பவர்கள் எங்கும் கிடைப்பதைக் கற்கட்டும். நாளுக்கு நான்கு விசை போதும், வயது தடையில்லை.