அழைக்காமல் வந்த பட்டைகள்

வீட்டில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் காலடி வைத்துவிட்டால் போதும். எந்தத் துறையில் பயின்றாலும் சரி, உற்றார் உறவினர் வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் அந்தப் பிள்ளைதான் மருத்துவர்! நான் பயில்வது கணக்கியல். ஆனாலும் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், "கொஞ்சம் வந்து பாரும்மா, என்னமோ வருது" என்ற அழைப்பு எப்படியும் வந்துவிடும். அன்பு வாசகர்களே, உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்குமல்லவா?

இந்த 'என்னமோ'க்களில் மிகப் பழையது ஒன்றுண்டு. இணைய உலாவியைத் திறந்தால் மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக நாம் கேட்காத கருவிப்பட்டைகள் நிற்கும். முகப்புத் திரையில் நாம் வைக்காத சின்னங்கள் வரிசை கட்டும். நாம் தேடுவது ஒன்று, வேறு ஏதோ ஒரு பக்கம் வந்து விடை சொல்லும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது கணினிக்கென்றே சொன்னது போலிருக்கும்.

இவை வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, வெளியார் எழுதும் துணை நிரல்கள் உலாவிக்குள் இணைந்துகொள்ள வழி திறந்துவிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால், திறந்த வழியில் விளம்பரக்காரர்களும் நுழைந்தார்கள். நம் தேடலைத் தங்கள் பக்கம் திருப்பினால் அவர்களுக்கு வருவாய். பட்டையை நம் கணினியில் ஏற்றிவிட்டவருக்கும் அதில் ஒரு பங்கு. ஆகவே இலவச மென்பொருள்களின் முதுகில் இவை சவாரி செய்யத் தொடங்கின. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஜாவாவை நிறுவும்போது ஆஸ்க் நிறுவனத்தின் பட்டையும் உடன் ஏறிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. வேண்டாம் என்றால், ஏற்கெனவே சரி போடப்பட்டிருக்கும் கட்டத்தை நாமே கவனித்து நீக்க வேண்டும். 2015இல் மைக்ரோசாஃப்ட், அந்தப் பட்டையின் பழைய பதிப்புகளை வேண்டாத மென்பொருள் என்றே வகைப்படுத்தியது.

இனி என் கதைக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் எனக்கு நான்காம் ஆண்டில் பாடம் நடத்திய ஐயா ஒருவர் எங்கள் தாமானிலேயே குடியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு வேலையைக் கையில் எடுத்திருந்தார். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இன்று இல்லை, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தோட்டப் பள்ளியும் இல்லை. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் எங்கெங்கோ சிதறிவிட்டன. ஐயா ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, எந்த லயத்தில் யார் இருந்தார்கள், பால் மரக்காட்டுக்குப் போன பெண்கள் பிள்ளைகளை எந்த ஆயாக்கொட்டகையில் விட்டார்கள், பள்ளியில் யார் யார் பயின்றார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவந்தார். ஏறத்தாழ 140 பக்கங்கள். அவர் பேட்டி கண்டவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் அவர் என்னை அழைத்தபோது, கணினி கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. விண்டோஸ் 7 இயங்கும் பழைய மேசைக்கணினி. அந்த விண்டோஸுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. அவர் திறந்து காட்டிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூனில் ஓய்வு கொடுக்கப்பட்டது. "நானும் ஓய்வு, இதுவும் ஓய்வு" என்றார் ஐயா, சிரிப்பில்லாமல். உலாவியின் தலையில் நான்கு பட்டைகள். திரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சின்னங்கள். மூலையில் ஒரு சன்னல் குதித்து, கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் உள்ளதாகவும் பணம் செலுத்தினால் சரிசெய்வதாகவும் மிரட்டியது.

பட்டணத்துக் கணினிக் கடையில் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். "ஃபார்மேட் பண்ணிடலாம், 80 வெள்ளி. முக்கியமான ஃபைல் இருந்தா காப்பி எடுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு இதில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. ஐயா எழுதியதெல்லாம் ஒருங்குறியில் அல்ல, அதற்கு முந்திய பழைய எழுத்துரு ஒன்றில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தலையில் புள்ளியும் வாலும் வைத்த ரோமன் எழுத்துகள்தான் வரும். ஓர் அட்சரமும் புரியாது. எழுத்துரு ஆவணக் கோப்புறையில் இருப்பதில்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபோன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் அதை எடுக்கப் போவதில்லை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் இருந்த குறுவட்டோ பூஞ்சை பூத்துக் கிடந்தது.

ஆகவே முதல் வேலையாக, ஆவணங்களோடு எழுத்துருவையும் ஒரு விரலியில் எடுத்து, என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். தமிழ் தெரிந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஐயா தினமும் காலையில் அந்தச் சின்னங்களைப் பிடித்திழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் கணினியைத் திறந்தால் மீண்டும் அங்கேயே நிற்குமாம். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு லாலாங் புல்லை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். மேலே வெட்டினால் தீராது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. சின்னத்தின் இடப்பக்கக் கீழ் மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தால், அது வெறும் குறுவழி. கதவில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் போய்விடுவாரா? உள்ளே இருக்கும் மென்பொருள், கணினி தொடங்கும்போதெல்லாம் புதிய பலகையைச் செய்து மாட்டிவிடும்.

குடியிருப்பவர்களின் பட்டியல் கண்ட்ரோல் பேனலில், புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதை நான் பெயர் வாரியாகப் பார்க்கவில்லை. நிறுவப்பட்ட தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். பேரேட்டோடு மல்லுக்கட்டும் கணக்கியல் மாணவிக்கு இது கைவந்த பழக்கம். பெயர்கள் பொய் சொல்லும். 'உதவியாளர்', 'பாதுகாவலர்', 'புதுப்பிப்பான்' என்றெல்லாம் நல்ல பிள்ளை போல் பெயர் வைத்துக்கொள்ளும். தேதி அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. 2013 மார்ச் மாதத்தில் ஒரே நாளில் ஐந்து மென்பொருள்கள் வரிசையாக நின்றன. "அன்னிக்கு என்ன செஞ்சீங்க, ஐயா?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். பள்ளி விளையாட்டுப் போட்டி அழைப்பிதழுக்கு அழகான தமிழ் எழுத்துரு ஒன்று வேண்டியிருந்ததாம். இணையத்தில் தேடி இறக்கினாராம். அந்த ஆண்டு நான் அவருடைய வகுப்பில்தான் இருந்தேன். அந்த அழைப்பிதழை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களில் நானும் ஒருத்தி!

அத்தகைய இறக்கப் பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத்தில் பெரிய பெரிய பொத்தான்கள் மூன்று நான்கு இருக்கும். உண்மையான கோப்புக்கு உரியது எங்கோ மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். பெரியதை அழுத்தினால் கோப்புக்குப் பதிலாக ஓர் இறக்க உதவியாளர் வந்து சேரும். அதை நிறுவும்போது இரண்டு வழிகள் காட்டப்படும். 'பரிந்துரைக்கப்பட்டது' என்று தடித்த எழுத்தில் ஒன்று, மங்கிய சாம்பல் நிறத்தில் மற்றொன்று. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் போனால்தான் சரி போட்ட கட்டங்கள் கண்ணில் படும். ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் புலவரானாலும் காட்டாத கட்டத்தை எப்படிப் படிப்பது? நான் விளக்கியதும் அவர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடித்தது. "பையன் விடை எழுதுறதுக்கு முன்னாடியே எவனோ சரி போட்டு வெச்சிருக்கான்."

இவ்விடத்தில் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியை விட்டுப் புகுமுக வகுப்புக்கும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் போனவள். கணினியை எனக்குக் கற்றுக்கொடுத்தது மலாய்மொழி. எனக்கு 'டெத்திக்குஸ்' தெரிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் 'சுட்டி' தெரியும். ஐயாவுக்குத் தமிழிலேயே விளக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். முதல் அரைமணி நேரம் தடுமாறித்தான் போனேன். 'அன்இன்ஸ்டால்' என்பதற்கு நான் 'நிறுவல் நீக்கம்' என்றேன். அவர் 'வெளியேற்று' என்றார். அவருடையதே மேல் என்று தோன்றியது; அதையே வைத்துக்கொண்டோம்.

வெளியேற்றும் வேலையிலும் சூது இருந்தது. ஒரு பட்டை போகும்போது, "உறுதியாகவா? உங்கள் பாதுகாப்பு குறையுமே!" என்ற பொருளில் கேட்டு, 'வைத்துக்கொள்' என்ற பொத்தானைப் பளிச்சென்று காட்டியது. இன்னொன்று தான் போகும் வழியில் தன் உறவுக்காரனை ஏற்றிவிடப் பார்த்தது. ஒவ்வொரு சன்னலையும் நிதானமாகப் படித்தே அழுத்தினோம். பின்னர் உலாவிக்குள் டூல்ஸ், மேனேஜ் ஆட்-ஆன்ஸ் என்று போய், எஞ்சியிருந்த பட்டைகளை முடக்கி, தேடல் பொறியையும் மாற்றினோம். அப்படியும் உலாவியைத் திறந்தால் அதே அந்நியப் பக்கமே வந்து நின்றது! காரணம் உலாவிக்குள் இல்லை, உலாவியின் சின்னத்தில் இருந்தது. சின்னத்தை வலச்சொடுக்கி, புராப்பர்டீஸ் திறந்து, டார்கெட் என்ற கட்டத்தைப் பார்த்தால், மென்பொருளின் முகவரிக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலை மட்டும் வெட்டியதும் சரியாகிவிட்டது. கடைசியாக டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் காலையில் எழும்படி வைக்கப்பட்ட ஒரு பணி. லாலாங்கின் கிழங்கு அதுதான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் திரையின் வலக்கீழ் மூலையில் இன்னொரு சிறிய பட்டை மிதந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு மற்றவற்றைப் போலவே அநாமதேயமாக இருந்தது. யார் செய்தது என்ற விவரம் பட்டியலிலும் இல்லை. கணினி தொடங்கும்போதே தொடங்குகிறது. விசைகளை அழுத்துவதையெல்லாம் கவனிக்கிறது. எந்தக் காப்பு மென்பொருளும் சந்தேகப்படத்தக்க எல்லா அங்க அடையாளங்களும் அதற்கு இருந்தன. "இது என்ன, ஐயா?" என்று கேட்டேன். "அதுலதாம்மா நான் தமிழ் அடிக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு பட்டைதான் அவருடைய 140 பக்கங்களுக்கும் வாசல். தானாகத் துப்புரவு செய்யும் மென்பொருளுக்கு அதை எப்படித் தெரியும்? கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஐயா உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட வேலைகளை, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று உரிமையாளரை அனுப்பிவிட்டுச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மில் பலர், பெரியவர்களுக்கு விளங்காது என்ற எண்ணத்தில் அப்படித்தான் செய்கிறோம். அன்று நாங்கள் ஒவ்வொரு சின்னமாகச் சுட்டி, "இது வேணுமா, வேணாமா?" என்று கேட்டுக்கேட்டே முடித்தோம். சீட்டாட்டச் சின்னத்தின்மேல் சுட்டி போனபோது, "அதத் தொடாதம்மா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ஐயாவின் துணைவியார் மதிய நேரத்தில் ஆடுவதாம். நாற்பதில் ஏழு மிஞ்சின.

ஆனால் அந்தக் கணினியை அப்படியே நம்பி விட்டுவிட முடியாது. ஆதரவு நின்றுபோன விண்டோஸை இணையத்தோடு இணைத்து வைப்பது ஆபத்து. ஆகவே இணையக் கம்பியைக் கழற்றிவிட்டோம். இப்போது அது தட்டச்சுக்கு மட்டும். 140 பக்கங்களையும் ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை நான் விடுதியிலிருந்தே செய்துவருகிறேன். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. எனினும், ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், எண்கள் தமிழ் எழுத்தாக மாறிவிடும். ஆள் பெயர்களில் பிழை வந்துவிடக்கூடாது என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் ஐயாவுக்கு அனுப்பிச் சரிபார்க்கிறேன். அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறோம்.

அடுத்த விடுமுறையில் ஐயாவின் மகன் புதிய மடிக்கணினி வாங்கித் தரப்போகிறார். 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. எதையும் இறக்கத் தேவையில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். ஐயா தலையாட்டவில்லை. அவருடைய விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி முறையில் ஊறியவை. எழுபது வயதை நெருங்கும் வேளையில் புது விசைகளைப் பழகிக்கொண்டிருந்தால் மிச்சத் தோட்டத்தை எப்போது எழுதுவது என்று கேட்கிறார். நியாயம்தான். அப்படியானால் அந்த முறைக்கான மென்பொருளை மீண்டும் இணையத்திலிருந்துதான் இறக்கியாக வேண்டும். அதை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்தைத் தேடிக் குறித்து வைத்திருக்கிறேன்.

"இந்தத் தடவ 'நெக்ஸ்ட்' பொத்தான நானே அழுத்துறேன். நீ பக்கத்துல உக்காந்து பாரு, போதும்" என்று ஐயா சொல்லியிருக்கிறார்.